எலுமிச்சம்பழத்தை நசுக்க மறுத்த மேசை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்கள் முன்னால் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆயில் எப்படி மாற்றுவது, ஓஸ் எப்படி மாட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை யாராவது ஒரு வாரத்தில் காட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாதத்தில் உங்களுக்கே சலித்துவிடும். சலிக்காத விஷயம் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாம் விற்பது லிஃப்ட் டேபிள். ஒரு இரும்புத் தட்டு, அதற்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து மடங்கும் கால்கள், அந்தக் கால்களைத் தள்ள எண்ணெய் அழுத்தம். அவ்வளவுதான். மூட்டையோடு மேலே போகும், மூட்டையோடு கீழே வரும். மேலே போகும்போது பெரும்பாலும் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. ஆபத்தெல்லாம் கீழே வருவதில் இருக்கிறது. இத்தனை வருடத்தில், “கீழ வரும்போது அடியில யாராவது இருந்தா என்ன ஆகும்?” என்று கேட்டு மேசை வாங்கிய ஒரு முதலாளியை நான் பார்த்ததில்லை. எத்தனை மூட்டை தாங்கும் என்பார்கள். சொன்னதற்கு மேல் பத்து மூட்டை ஏற்றினால் என்ன என்பார்கள். அப்புறம் பெயிண்ட் கலர்.

நம் விலைப் புத்தகத்தின் பின்பக்கங்களில் கூடுதல் சாமான்கள் இருக்கும். ஓஸ் வெடித்தாலும் மேசை சடாரென்று விழாமல் பிடித்துக்கொள்ளும் வால்வு. சுற்றிலும் துருத்தி போல மடியும் திரை. விரலை எடுத்தால் நின்றுவிடும் பட்டன். இந்தப் பக்கங்களை முதலாளிகள் எப்படிப் புரட்டுவார்கள் என்று நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள். கல்யாண ஆல்பத்தில் தெரியாதவர்கள் படம் வந்தால் தள்ளுவோமே, அப்படி.

அதில் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையே அதைப் பற்றியது. விளிம்புப் பட்டை. தட்டின் நாலு ஓரத்திலும் அடிப்பக்கமாக ஓடும் மெல்லிய அலுமினியப் பட்டை. மேசை இறங்கும்போது அதில் எது பட்டாலும், கையோ காலோ கட்டையோ, மேசை அந்த இடத்திலேயே நின்றுவிடும். சிவப்பு விளக்கு எரியும், பீப் அடிக்கும். மூளையில்லாத சாமான் அது. பட்டது என்ன என்று அதற்குத் தெரியாது. அதுதான் அதன் நல்ல குணம். மூளை இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று இனி பாருங்கள்.

திருவையாற்றைத் தாண்டி ஒரு ரைஸ் மில். அப்பா கட்டியது, மகன் நடத்துகிறார். அப்பா போன பிறகு வாசலில் கிரானைட் வந்தது, அறைக்கு ஏசி வந்தது. லாரியிலிருந்து நெல் மூட்டை இறக்க ஒரு மேசை வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இடம் பார்க்க நான் போனேன். முதலாளி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். முதல் கேள்வி:

“மேல போறப்ப பாட்டு வருமாங்க?”

“பாட்டா?”

“கார் ரிவர்ஸ் எடுத்தா வருதுல்ல. அந்த மாதிரி. சாமி பாட்டா இருந்தா நல்லாருக்கும்.”

வராது என்றேன். அடுத்தது, வயர் இல்லாத ரிமோட். தன் அறையில் உட்கார்ந்துகொண்டே மேசையை ஏற்றி இறக்க வேண்டுமாம். அறையிலிருந்து பார்த்தால் கிரானைட்தான் தெரியும், மேசை தெரியாது. அதைச் சொல்லி வாதாட எனக்கு வரவில்லை. ஐப்பசி மழையில் ரிமோட் வேலை செய்யாதுங்க என்று ஒரு பொய் சொன்னேன். உடனே விட்டுவிட்டார். கூச்சப்படுகிறவனுக்கு வாதாடுவதைவிடப் பொய் சொல்வது சுலபம்.

பிறகு களத்துக்குப் போய் நின்றேன். அளவு எடுக்கும் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆனாலும் நின்றேன். இதை நீங்களும் செய்யுங்கள். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்ட பிறகு அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். எதை வாங்கச் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

லோடுமேன்கள் கொக்கியைக் குத்தி மூட்டையை இழுத்தார்கள். கொக்கி போட்ட ஓட்டையிலிருந்து நெல் ஒழுகியது. பவுனம்மாள் என்று ஒரு அம்மா கூட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, நீளமான கைகள். தரையில் கிடந்த நெல்லை அலட்சியமாகத் தள்ளிக் குவித்தார். ஆனால் எடை மேடைக்கு அடியில் கிடந்ததைப் படுத்துக்கொண்டு, தோள்வரை கையை விட்டு, ஒரு மணி விடாமல் வழித்து எடுத்தார். அதை மட்டும் தனிச் சாக்கில் போட்டார்.

“என்னா தம்பி, அங்கேயே நின்னு பாக்குற? ஒன் வூட்டுல யாரும் கூட்ட மாட்டாங்களா?”

“இல்லம்மா, ரெண்டு சாக்கு வச்சிருக்கீங்களேன்னு பாத்தேன்.”

“தரையில கெடந்தா மில்லுக்கு. மிஷினுக்கு அடியில போயிட்டா எனக்கு. பெரிய மொதலாளி சொன்ன சொல்லு இது. இவருக்குத் தெரியாது. தெரியும், ஆனா தெரியாத மாதிரி இருப்பாரு.”

இதுதான் அந்த மில்லின் வழக்கம். எந்த எந்திரம் வந்தாலும் அதன் அடிப்பக்கம் பவுனம்மாளுடையது. நாங்கள் கொண்டுவந்து வைக்கப் போகிற மேசையின் அடிப்பக்கமும்தான். அது மேலே நிற்கும்போது இவர் கை அடியில் இருக்கும். மேலே இருக்கிறவர்கள் இவரைப் பார்க்க மாட்டார்கள். இது என்றாவது நடக்கலாம் என்கிற ஆபத்து இல்லை. லாரி வருகிற ஒவ்வொரு நாளும் நடக்கப் போவது.

சுற்றிலும் திரை கட்டிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அவரிடமே சொல்லிப் பார்த்தேன்.

“சுத்தித் தெரை கட்டிட்டா நெல்லு அடியில போவுமா?”

“போகாதும்மா.”

“அப்ப அந்தத் தெரைய ஒன் வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி சன்னலுக்குக் கட்டிக்க.”

ஆக, திரை கூடாது. நெல் விழவும் வேண்டும், கை பிழைக்கவும் வேண்டும் என்றால் விளிம்புப் பட்டைதான் வழி. முதலாளியிடம் திரும்பிப் போனேன். அவர் ஏற்கெனவே பின்பக்கங்களைத் தள்ளிவிட்டிருந்தார்.

“இந்தப் பட்டை என்னாத்துக்குங்க? நம்ம ஆளுங்க என்ன கொழந்தையா, கையக் கொண்டு போயி அடியில வைக்க?”

ஆளுக்காக என்று சொன்னால் இதுதான் பதில். எந்த ஊர் மில்லிலும் இதுதான் பதில், நீங்கள் கேட்டுச் சலித்துப்போவீர்கள். ஆகவே ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் சொன்னேன்: “மூட்டை ஓரத்துல சரிஞ்சு அடியில மாட்டிக்கிச்சுன்னா சாக்கு கிழிஞ்சிடுங்க. இது இருந்தா கிழியாது.”

“ஓ, மூட்டைக்கா?” என்றார். “அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? போடுங்க.”

அவ்வளவு சுலபம். மனிதனுக்குக் கிடைக்காத பாதுகாப்பு சாக்குக்குக் கிடைத்தது. வண்டியில் திரும்பும்போது என் சாமர்த்தியத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

மேசை தை மாதத்தில் வந்தது. சம்பா அறுவடை முடிந்து ரோட்டில் எல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்த சமயம். நான் பொருத்தி, ஓட்டி, பட்டையை நாலு பக்கமும் கட்டை வைத்துச் சோதித்து முடித்தேன். வெள்ளிக்கிழமை பூஜை. பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். சொந்தக்காரர்கள், பக்கத்து மில்காரர்கள், லோடுமேன்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். மேசைக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, தட்டின் மேல் மாலை போட்ட ஒரு மூட்டை. குருக்கள் தீபாராதனை காட்டினார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அப்போது முதலாளியின் மச்சான் குனிந்து, தூக்கி நின்ற மேசையின் நாலு மூலைக்கும் கீழே தரையில் ஒவ்வொரு எலுமிச்சம்பழமாக வைத்தார்.

புது லாரி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்களே, அதே கணக்கு. மேசைக்குச் சக்கரம் இல்லை, அது கீழே இறங்கும், ஆகவே கீழே வைத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி நீள வயரில் தொங்கிய பட்டனைக் கையில் எடுத்து அமுக்கிவிட்டார். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்கு ஊதுகிற மாதிரி ஊத, மேசை அழகாக இறங்கியது. பழத்தைத் தொட்டது. நின்றது. சிவப்பு விளக்கு. பீப்.

நாதஸ்வரம் நடுவில் அறுந்தது.

முதலாளி மேலே ஏற்றி மறுபடி இறக்கினார். மறுபடி பீப். பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“பழத்த வாங்க மாட்டேங்குதே,” என்றது ஒரு பெண் குரல்.

பக்கத்து மில்காரர், வேறு கம்பெனி மேசை வாங்கியவர், காதில் விழும்படியாகவே சொன்னார்: “நம்மளுது பட்டையும் இல்ல கிட்டையும் இல்ல. எறங்குச்சு, நாலு பழமும் சட்னி.”

முதலாளி என்னைத் தேடினார். தூண் என்னை மறைக்கவில்லை.

“என்னாங்க இது?”

“பட்டையில பழம் படுதுங்க. அதான் நிக்குது.”

“படத்தானே வச்சிருக்கு! நசுங்கணும்ல?”

பழத்தை எடுத்துவிட்டு இறக்கலாம் என்றேன். வைத்த பழத்தை எடுக்கிறதா என்று இரண்டு கிழவர்கள் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். உள்ளே தள்ளி வைத்தால் பட்டையில் படாது, ஆனால் அங்கே இடைவெளி இருப்பதால் நசுங்கவும் செய்யாது. எல்லாரும் மணியைப் பார்த்தார்கள். முதலாளியின் பேச்சிலிருந்து ‘ங்க’ காணாமல் போனது.

“யோவ், மூட்டைக்குத்தானேய்யா அந்தப் பட்டை? கிழிஞ்சா என் சாக்கு கிழிஞ்சிட்டுப் போவுது. கழட்டு அத.”

என் சாமர்த்தியம் எனக்கே திரும்பி வந்தது. சாக்குக்காக வாங்கிய பாதுகாப்பை எலுமிச்சம்பழத்துக்காகக் கழற்றுவதில் என்ன தப்பு? அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைக் கொடுத்தவன் நான். இதற்காக நான் வருத்தப்படவில்லை. அந்தப் பொய் இல்லாவிட்டால் கழற்றுவதற்கே பட்டை இருந்திருக்காது.

திருச்சியில் இருக்கும் சேல்ஸ் மேனேஜருக்குப் போன் போட்டேன்.

“பட்டையோட ரெண்டு வயர சேத்து முறுக்கி விடு, நிக்காது. பழம் நசுங்குனதும் பிரிச்சிரு. இதுக்கு ஒரு போனா?”

“ஒரு தடவ சேத்துட்டா அப்புறம் பிரிக்க விட மாட்டாங்க சார்.”

“நீ என்ன கலெக்டரா? கஸ்டமர் சொல்றாருல்ல?”

இந்த ஒரு தடவையை நான் ஏற்கெனவே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். திருவாரூர்ப் பக்கம் ஒரு மில்லில், லாரி நிற்கிறது என்று அவசரத்துக்கு முறுக்கிய வயர். சுற்றியிருந்த கறுப்பு டேப் தூசி படிந்து சாம்பல் நிறமாகியிருந்தது. யார் முறுக்கியது, எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மேசையின் மேல் பாதுகாப்பு முதன்மை என்று நம்முடைய ஸ்டிக்கர் மட்டும் பளபளப்பாக ஒட்டியிருந்தது.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். லோடுமேன்களுக்குப் பின்னால், கையில் விளக்குமாறோடு, பவுனம்மாள் நின்றிருந்தார். பூஜை முடிந்ததும் முதலில் அடியில் போகிற கை அவருடையது.

“அது மூட்டைக்கு இல்லீங்க,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். “மூட்டைக்கு இல்லீங்க. பவுனம்மா கைக்கு.”

“இவ கை எதுக்குய்யா அங்க போவுது?”

கூட்டம் திரும்பிப் பவுனம்மாளைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நன்றி எதுவும் அதில் இல்லை. தெரியாத மாதிரி இருந்தவருக்கு நான் சபையில் தெரிவித்துவிட்டேன். இனி முதலாளி கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தனிச் சாக்கு போய்விடும். கையைக் காப்பாற்றப் போய் நெல்லைக் காட்டிக் கொடுத்திருந்தேன்.

பவுனம்மாள் விளக்குமாற்றைத் தூணில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார்.

“மிஷினுக்கு அடியில விழறது பவுனுக்குன்னு ஒங்க அப்பா சொன்னது. அவரு படத்துக்கு மால போட்டு வச்சிருக்கீங்க, அவரக் கேட்டுக்குங்க.” கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “கழட்டச் சொல்லுங்க சின்ன மொதலாளி. கழட்டுனதும் நானே அடியில கைய விட்டு அந்தப் பழத்த நேரா புடிச்சிக்கிறேன், உருண்டு போவாம. பட்டன நீங்களே அமுக்குங்க. நல்ல நேரத்துல அமுக்குங்க.”

சொல்லிவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டுவிட்டார்.

முதலாளியின் விரல் பட்டன் மேலேயே இருந்தது. பட்டை இன்னும் மாட்டித்தான் இருந்தது, அமுக்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அவரால் அமுக்க முடியவில்லை. பட்டனை மச்சானிடம் நீட்டினார். மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சட்னிக்காரரும் இரண்டடி பின்னால் போனார். ஆளுக்காக எதற்குப் பட்டை என்று கேட்கிற எல்லாருக்கும் உண்மையில் தெரியும் என்பதை அன்று பார்த்துக்கொண்டேன்.

குருக்கள்தான் முடித்து வைத்தார். “கத்தியால நறுக்கிக் குங்குமம் தடவி வச்சாலும் அதே பலன்தான். நேரம் ஆயிடுத்து, எழுந்திரும்மா.”

நறுக்கினார்கள். நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது, கொஞ்சம் சுருதி குறைவாக.

சாப்பாட்டுப் பந்தியில் என் இலைக்கு எதிரே வந்து நின்று பவுனம்மாள் சொன்னார்: “ஊரக் கூட்டி வச்சு என் கையக் காட்டுறியே, ஒன்ன யாரு கேட்டா? நாளைக்கு அவரு அடியில போவாதன்னுட்டா, அந்த நெல்ல நீயா கொண்டாந்து கொட்டுவ?” முதலாளி கை கழுவிக்கொண்டே, மறுபடியும் ‘ங்க’ சேர்த்துச் சொன்னார்: “நாளைக்கு நம்ம எலக்ட்ரீசியன் வந்து கழட்டிக்குவான். நீங்க சாப்ட்டுட்டுக் கிளம்புங்க.”

கஸ்டமரைச் சபையில் அவமானப்படுத்தியதற்காக மேனேஜர் என்னை அந்தப் பக்கமே விடவில்லை. கோடியக்கரைப் பக்கம் உப்பு மூட்டை கட்டும் இடங்களுக்குச் சர்வீஸ் அனுப்பினார். உப்புக்காற்றில் மேசை ஒரு வருடத்தில் துருப்பிடித்துப்போகும். அதற்கும் என்னைத்தான் திட்டினார். சபையில் வாயைத் திறந்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அதுதான், உங்களுக்கும் அப்படித்தான் கிடைக்கும்.

குறுவை நெல் வரத் தொடங்கிய சமயம், வேறு ஆள் இல்லாமல் என்னையே அந்த மில்லுக்குச் சர்வீஸ் அனுப்பினார்கள். முறுக்கிய வயரையும் கறுப்பு டேப்பையும் எதிர்பார்த்துத்தான் போனேன். அதைவிட மோசமான ஒன்றைக் கேட்கவும் மனதைத் தயார்செய்திருந்தேன்.

மேசைக்குப் பக்கத்தில் போனதும் முதலாளி ஓடி வந்தார்.

“செருப்ப அங்கயே விடுங்க!”

விட்டுவிட்டுப் பார்த்தேன். பட்டை இருந்தது. நாலு பக்கமும் மஞ்சள் பூசி, சாணுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, வேப்பிலை செருகியிருந்தது.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தானாம். கட்டிங் பிளேயரை எடுத்தானாம். கூட்டிக்கொண்டிருந்த பவுனம்மாள் கூட்டுவதை நிறுத்தாமலே சொன்னாராம்: “அறுக்கறதுன்னா அறு தம்பி. பழத்தையே வேண்டான்னு சொன்ன பட்டை அது. வேற என்னா வேணுமோ, யாரு கண்டா? ஒனக்கு ரெண்டு பொண்ணுல்ல?”

எலக்ட்ரீசியன் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கடைத்தெரு முழுக்கச் சொல்லியும்விட்டான். வெள்ளிக்கிழமை தோறும் லோடுமேன்கள் குங்குமம் வைக்க ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நாங்கதான் தெரியாம கழட்டப் பாத்தோம்,” என்றார். பவுனம்மாள் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் சொன்ன பொய் ஒரு காலை நேரம்கூடத் தாங்கவில்லை. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கட்டையை எடுத்து வைத்துச் சோதிக்க ஆரம்பித்தேன். முன்பக்கம், நின்றது. வலது பக்கம், நின்றது. பின்பக்கம், நின்றது. இடது பக்கம் நிற்கவில்லை. கட்டை முறிந்த சத்தம் கேட்டு லோடுமேன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இடது பக்கம்தான் பவுனம்மாள் படுத்துக் கை விடுகிற பக்கம். அங்கேதான் குங்குமமும் அதிகம். எண்ணெயோடு குழைத்து வாராவாரம் அப்பியது இறுகி, பட்டைக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சை அசையவிடாமல் பிடித்திருந்தது. கும்பிட்டே அதைக் கொன்றிருந்தார்கள். எப்போதிலிருந்து என்று யாருக்குத் தெரியும்? அன்று காலையில்கூட அவர் கை அதற்கு அடியில் போய் வந்திருக்கிறது.

முறிந்த கட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். தன் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இந்தப் பக்கமா?”

“ஆமாம்மா. குங்குமம் அடைச்சிக்கிச்சு.”

கட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாக, “சொரண்டி எடுத்துருவியா?” என்றார்.

“மொதலாளி அதத் தொட விடுவாராம்மா?”

“கேளு. போயிக் கேளு. அன்னைக்கு மட்டும் வாயி இருந்துச்சுல்ல?”

இந்த முறையும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லலாமா என்று நின்று யோசித்தேன். பட்டை வேலை செய்யவில்லை என்றால், அப்ப இனி எதுக்கு அது என்று கேட்பார். குங்குமம்தான் காரணம் என்றால் லோடுமேன்கள் என்னை அடிக்க வருவார்கள்.

“பழைய குங்குமம் அப்படியே கெடக்குதுங்க,” என்றேன். “கழுவித் தொடச்சுப் புதுசா வைக்கணுமில்லீங்களா? ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அபிஷேகம் மாதிரி.”

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். “நல்லா பண்ணுங்க.”

இதைப் படித்துவிட்டு, ஆக மொத்தம் ஒரு பொய்யிலிருந்து இன்னொரு பொய்க்குப் போனாய் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். பட்டையை எந்தப் பெயர் சொல்லி விற்றாலும் சரி, மூட்டை என்றோ அம்மன் என்றோ, அந்தப் பெயர் சுவிட்சைத் துடைக்காது. துடைக்க ஓர் ஆள் போக வேண்டும். புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் சாமானை வாங்க வைத்துவிட்டோம் என்று பெருமையோடு வண்டி ஏறுகிறவன், வாங்காமல் விட்ட முதலாளியைவிட ஒன்றும் உயர்ந்தவன் இல்லை. முதலாளியை நம்பி யாரும் கையை விடுவதில்லை. நம் பட்டையை நம்பி விடுகிறார்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினேன். சுவிட்ச் விடுபட்டது. இனிமேல் குங்குமத்தைத் தட்டின் மேல் மூலையில் வைக்கட்டும், பட்டைக்கு வேண்டாம் என்று பவுனம்மாளிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்லியும் பயனில்லை. அவர் தலையை ஆட்டினார்.

பிறகு இடது பக்கம் கட்டை வைத்து இறக்கினேன். நின்றது. பீப்.

“இன்னொரு தடவ,” என்றார்.

இறக்கினேன். நின்றது. கட்டையை எடுத்துவிட்டு விளக்குமாற்றின் காம்பை அவரே வைத்தார். நின்றது. மெல்லிய ஈர்க்கு ஒன்றை வைத்தார். அது வளைந்து கொடுத்துவிட்டது, மேசை நிற்கவில்லை. என்னைப் பார்த்தார். ஈர்க்குக்கு நிற்காது, விரலுக்கு நிற்கும் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. விரலை வைக்கவும் இல்லை. வேலியோரம் போய் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைக் குச்சியை ஒடித்துக்கொண்டு வந்தார். நின்றது. குச்சியில் ஒரு தடம்கூட இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

வெயில் ஏறிவிட்டது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். லோடுமேன்கள் மூட்டை மேல் உட்கார்ந்து முணுமுணுத்தார்கள். ஏசி அறையிலிருந்து தலையை நீட்டி முதலாளி கேட்டார்:

“என்னா, இன்னுமா அபிஷேகம் முடியல?”

“முடியல மொதலாளி, இருங்க,” என்றார் பவுனம்மாள், அவர் பக்கம் திரும்பாமலே. குச்சியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“நீ எறக்கு.”